சார்லி கிறிஸ்டியனின் கிட்டார் சோலோக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் கிட்டார் பக்கம் எட்டிப் பார்க்கிற யாரிடமும் நான் முதலில் சொல்லும் பெயர் சார்லி கிறிஸ்டியன். சொன்ன கையோடு கேள்விகள் வரும். ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கீழே போகப் போக விஷயம் கொஞ்சம் சிக்கலாகும். கிட்டார் வாசிக்காதவர்கள் முதல் ஏழு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை.

யாருங்க இந்த சார்லி கிறிஸ்டியன்? நான் கேள்விப்பட்டதே இல்லையே.

1916-இல் டெக்சஸ் மாநிலத்தின் பான்ஹம் என்ற ஊரில் பிறந்து, ஓக்லஹோமா சிட்டியில் வளர்ந்த கறுப்பினக் கலைஞர். அப்பா கண் பார்வை இழந்தவர்; பிள்ளைகளோடு தெருவில் வாசித்துத்தான் குடும்பம் நடத்தினார். 1939 ஆகஸ்டில் ஜான் ஹாமண்ட் என்ற இசைத் தயாரிப்பாளர் கிறிஸ்டியனை பென்னி குட்மனிடம் கொண்டுபோய் நிறுத்தினார். குட்மன் அப்போது அமெரிக்காவின் மிகப் பிரபலமான இசைக்குழுத் தலைவர்களில் ஒருவர். எலக்ட்ரிக் கிட்டார் என்றதும் அவர் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. அன்றிரவு பெவர்லி ஹில்ஸில் ஓர் உணவகக் கச்சேரியின் இடைவேளையில் ஹாமண்ட் கிறிஸ்டியனை மேடையில் ஏற்றிவிட்டார். குட்மன் ‘ரோஸ் ரூம்’ என்ற பாட்டை எடுத்தார். பையன் திணறட்டும் என்று நினைத்தாராம். பாட்டு முக்கால் மணி நேரம் ஓடியது என்று சொல்வார்கள். மணிக்கணக்கு கொஞ்சம் முன்பின் இருக்கலாம், ஆனால் வேலை கிடைத்தது உண்மை.

1942 மார்ச் 2 அன்று நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில், காசநோய் மருத்துவமனையில் இறந்தார். வயது 25. குட்மன் குழுவில் அவர் வாசித்தது இரண்டு வருடம்கூட முழுதாக இல்லை. ஜாஸ் கிட்டாரில் பின்னால் வந்த அத்தனை பேரும் அந்தக் குறுகிய காலத்துப் பதிவுகளுக்குக் கடன்பட்டவர்கள்.

அவர்தானே உலகத்திலேயே முதல் எலக்ட்ரிக் கிட்டார் கலைஞர்?

இல்லை. எடி டர்ஹம், ஜார்ஜ் பார்ன்ஸ் இருவரும் 1938-இலேயே எலக்ட்ரிக் கிட்டாரில் பதிவு செய்துவிட்டார்கள். கிறிஸ்டியன் செய்தது வேறு. அதற்கு முன்னால் இசைக்குழுவில் கிட்டாருக்கு வேலை பின்னால் உட்கார்ந்து தாளத்துக்குக் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) போடுவதுதான். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும்போது மைக் இல்லாத கிட்டாரின் ஒற்றைத் தந்தி யாருக்குக் கேட்கும்? ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) வந்ததும் அந்தத் தடை போனது. தடை போன இடத்தில் என்ன பேசுவது என்று முழுசாகக் காட்டியவர் கிறிஸ்டியன்.

ரெக்கார்டிங் எல்லாம் ரொம்பப் பழசு. கரகரன்னு இருக்கு. இதை எப்படி ரசிக்கறது?

மலிவான தொகுப்புகளில் கேட்டிருப்பீர்கள். கொலம்பியா 2002-இல் நான்கு சிடிக்களாக வெளியிட்ட தொகுப்பைக் கேளுங்கள், குட்மன் பதிவுகள் வியக்கும்படி தெளிவாக இருக்கும். ஹெட்ஃபோனும் நல்லது.

நியூயார்க்கின் மின்டன்ஸ் கிளப்பில் எடுத்த பதிவுகள் மட்டும் உண்மையிலேயே கரகரதான். அதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறது. இரண்டு மூன்று முறை கேட்டால் காது அந்த இரைச்சலை ஒதுக்கிவிடும்.

எந்தப் பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்?

கேட்பதற்கு என்றால் ‘ரோஸ் ரூம்’. மேலே சொன்ன அதே பாட்டு. 1939 அக்டோபர் 2 அன்று குட்மனின் ஆறு பேர் குழுவான செக்ஸ்டெட் பதிவு செய்தது. லயோனல் ஹாம்ப்டன் வைப்ராஃபோன், ஃபிளெட்சர் ஹெண்டர்சன் பியானோ. கிறிஸ்டியன் ஒரு சுற்று (மெட்டு ஒருமுறை முழுதாக வரும் நீளம்) முழுக்க வாசிக்கிறார். அவசரமே இல்லாமல், பேசுகிற மாதிரி. அதற்கப்புறம் ‘செவன் கம் இலெவன்’, ‘ஐ ஹேவ் ஃபவுண்ட் எ நியூ பேபி’. பெரிய இசைக்குழுவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கிட்டாரே நாயகனாக வருவது கேட்க வேண்டுமானால் 1941 மார்ச்சில் பதிவான ‘சோலோ ஃபிளைட்’.

வாசிக்கக் கற்றுக்கொள்ள என்றால் ‘கிராண்ட் ஸ்லாம்’. பன்னிரண்டு பார் ப்ளூஸ். (பார் என்றால் தாளக் கட்டம்; இங்கே நான்கு அடி.) உங்களுக்குக் கொஞ்சமாவது ப்ளூஸ் தெரிந்திருக்கும் என்பதால் அடித்தளம் பழகினதாக இருக்கும், வேகமும் மிதம். நிறைய பேர் நேராக ‘சோலோ ஃபிளைட்’டில் இறங்கி, பாதியில் விட்டுவிட்டு, ஜாஸ் நமக்கு வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள்.

சோலோ ஆரம்பிச்ச உடனே முடிஞ்சிடுதே. ஏன் இவ்வளவு சின்னது?

அன்றைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கொள்ளும். அதற்குள் பாட்டின் மெட்டு ஒருமுறை, குட்மனின் கிளாரினெட், ஹாம்ப்டன், பியானோ, மறுபடி மெட்டு. கிட்டாருக்குக் கிடைப்பது முப்பது நாற்பது விநாடி. சில பாட்டில் நடுவில் எட்டு பார் மட்டும்.

கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய வரம். பின்னால் வந்த எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) காலத்துக் கலைஞர்களின் சோலோ பத்து நிமிடம் ஓடும். அதில் எது சாரம், எது சும்மா வார்ம்அப் என்று பிரிப்பதே ஒரு வேலை. கிறிஸ்டியனுக்கு அப்படி இழுக்க இடமே இல்லை. அவரது சோலோவில் ஆரம்பம், நடு, முடிவு மூன்றும் அரை நிமிடத்துக்குள் இருக்கும். முழுசாக ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளவும் முடியும்.

கேக்கறப்போ எதைக் கவனிக்கணும்? எனக்கு எல்லாமே ஒரே மாதிரி ஓடுது.

ஒரே மாதிரி ஓடவில்லை. அவரிடம் இரண்டு வகைப் பேச்சு இருக்கிறது. ஒன்று ரிஃப்: சின்ன வாக்கியம், திரும்பத் திரும்ப, தாளத்தை அழுத்தி. இன்னொன்று நீள வரி: எட்டாம் சுரங்களாக (ஓர் அடிக்கு இரண்டு சுரம்), மூச்சு விடாமல், பார்க் கோட்டைக் கவலைப்படாமல் தாண்டிப் போகும். பல பாட்டுகள் ‘ஏ-ஏ-பி-ஏ’ அமைப்பில் இருக்கும், எட்டு எட்டு பாராக. அந்த ‘பி’ பகுதியைத்தான் பிரிட்ஜ் என்பார்கள். கார்ட்கள் அதிகம் அசையாத ‘ஏ’ பகுதியில் ரிஃப் போட்டு விளையாடுவார். கார்ட்கள் நகர ஆரம்பிக்கிற பிரிட்ஜில் நீள வரி பிறக்கும். ஒரு முறை இது பிடிபட்டுவிட்டால் சோலோவின் வரைபடமே கண்முன் வந்துவிடும்.

அப்புறம், வாக்கியம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பாரின் முதல் அடியில் தொடங்குவது குறைவு. அடிக்கு அரை தள்ளி, சில சமயம் முந்தைய பாரின் வாலிலேயே தொடங்கிவிடுவார். நாம் வாசிக்கும்போது ‘ஒன்று’ வரும் வரை காத்திருந்து எல்லா வாக்கியத்தையும் அங்கேயே தொடங்குவோம். வித்தியாசத்தில் பாதி அங்கேதான்.

இது கிட்டார் வாசிக்கற மாதிரியே இல்லையே, சாக்ஸபோன் மாதிரின்னா இருக்கு?

சரியாகப் பிடித்தீர்கள். கவுண்ட் பேஸி குழுவில் இருந்த லெஸ்டர் யங்கின் டெனர் சாக்ஸபோன்தான் அவர் காதில் இருந்தது. அந்த லேசான நடை, அடியின் மீது சாய்ந்து உட்காராத தன்மை, இரண்டும் அங்கிருந்து வந்தவை. 1940 அக்டோபர் 28 அன்று இருவரும் சேர்ந்து வாசித்த ஒரு பதிவும் உண்டு. குட்மன், பேஸி, பக் கிளேட்டன் எல்லாம் அதில் இருக்கிறார்கள். லெஸ்டர் யங்கையும் கிறிஸ்டியனையும் மாற்றி மாற்றி ஒரு மாலை கேளுங்கள். கிட்டார் புத்தகம் எதுவும் அவ்வளவு சொல்லித் தராது.

இதுக்கு ஹாலோ பாடி கிட்டார் வாங்கணுமா? என்கிட்ட சாதாரண எலக்ட்ரிக்தான் இருக்கு.

வாங்க வேண்டாம். அவர் வைத்திருந்தது கிப்சன் ஈஎஸ்-150, 1936-இல் வந்த மாடல். அதிலிருந்த நீளப் பட்டை பிக்கப்புக்கு இன்றைக்கும் ‘சார்லி கிறிஸ்டியன் பிக்கப்’ என்றே பெயர். உங்கள் கிட்டாரில் கழுத்துப் பக்கத்து பிக்கப்பைப் போட்டு, டோன் குமிழைக் கொஞ்சம் குறைத்து, தந்தியைக் கனமாக மாற்றினால் போதும். ரிவெர்பும் எஃபெக்டும் வேண்டாம். ஆனால் டோனை முழுக்க மூடிவிடாதீர்கள். ஜாஸ் என்றாலே கம்பளி போர்த்தின மாதிரி ஒலிக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது; கிறிஸ்டியனின் ஒலியில் நல்ல கடி இருக்கும், அழுத்தி அடித்தால் ஆம்ப் லேசாகச் சிதறும்.

டேப் எழுதி வச்சது கிடைக்குதே. அதைப் பார்த்து வாசிச்சா போதாதா?

டேப் (விரல் வைக்கும் இடங்களை எண்ணால் குறித்த தாள்) எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் என்று சொல்லும். எந்தச் சுரம் அழுத்தம், எது விழுங்கப்பட்டது, எது அடிக்குப் பின்னால் சாய்கிறது என்று சொல்லாது. கிறிஸ்டியனிடம் சுரங்கள் பெரிய மர்மம் இல்லை. எழுதிப் பார்த்தால் பல வரிகள் சாதாரணமாகவே தெரியும். அவை வருகிற நேரத்திலும் அழுத்தத்திலும்தான் ஆள் இருக்கிறார்.

தாளே கூடாது என்று நான் சொல்லவில்லை. காதால் எடுத்த பிறகு சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். தாளில் தப்பு இருப்பதும் சகஜம். காதால் எடுத்தவருக்கு மட்டும் அது தெரியும்.

சரி, காதால எடுக்கணும்னா எப்படி? எனக்கு அவ்வளவு காது கிடையாது.

கிட்டாரைத் தொடாதீர்கள். முதலில் பாட்டைப் போட்டுக்கொண்டு சோலோவைக் கூடவே வாயால் பாடுங்கள். ‘தா தூ தா’ எதுவானாலும் சரி. பஸ்ஸில், சமையலறையில், எங்கேயாவது. பாட்டை நிறுத்திவிட்டும் சோலோவை முழுசாகப் பாட வருகிறதா என்று பாருங்கள். சுருதி கொஞ்சம் முன்பின் போனாலும் பரவாயில்லை, தாளம் போகக் கூடாது. இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் பிறகு ஒவ்வொரு சுரமாகத் தேடித் தேடிச் சோர்ந்து போகிறார்கள். பாடத் தெரிந்த வரியைக் கிட்டாரில் தேடுவது வேறு வேலை. விரல் எங்கே போக வேண்டும் என்று காது முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கும்.

அப்புறம் கிட்டாரை எடுத்து, ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம். அது எங்கே முடிகிறதோ அந்தக் கடைசிச் சுரத்தை முதலில் கண்டுபிடியுங்கள், அது பெரும்பாலும் அந்தக் கார்டின் உள்ளேயே இருக்கும். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். வேகம் அதிகமாக இருந்தால் சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாக்கும் செயலிகள் கைபேசியிலேயே இருக்கின்றன. அந்தக் காலத்தில் இசைத்தட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒரு ஸ்தாயி கீழே கேட்டு எடுத்தார்கள். ஒரேயடியாக மெதுவாக்க வேண்டாம், தாளத்தின் ஓட்டம் செத்துவிடும். முக்கால் வேகம் வரைக்கும் சரி.

எட்டு பார் சேர்ந்ததும், அதை ரெக்கார்டோடு சேர்த்து வாசியுங்கள். இரண்டு கிட்டாராகக் கேட்கக் கூடாது. உங்களுடையது அவருடையதற்குள் மறைந்துவிட வேண்டும்.

அவர் டவுன்ஸ்ட்ரோக் மட்டும்தான் அடிப்பாராமே? நானும் அப்படியே அடிக்கணுமா?

கீழ்நோக்கிய அடிதான் அவருக்குப் பிரதானம். அந்த அழுத்தமும் சமமான முழக்கமும் அதிலிருந்து வருகின்றன. மிதமான வேகத்தில் நீங்களும் முயலுங்கள். ‘கிராண்ட் ஸ்லாம்’ முழுவதையும் அப்படி அடித்துப் பார்த்தால் ஒலி உடனே அவர் பக்கம் நகர்வது தெரியும்.

வேகமான பாட்டில் கை இறுகினால் நிறுத்திவிடுங்கள். மேல்-கீழ் மாற்றி அடித்துக்கொண்டு, மேலடி பலவீனமாக ஒலிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு வலியைச் சகித்துக்கொண்டு வாசிக்கிற அளவுக்கு இது ஒன்றும் விரதம் இல்லை.

அவர் எந்த ஸ்கேல் வாசிக்கிறார்? அதைச் சொன்னா நான் ஸ்கேலைப் பழகிப்பேன்.

கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். கிறிஸ்டியன் ஸ்கேலைவிடக் கார்ட் வடிவங்களை வைத்து யோசித்தவர் போலத்தான் தெரிகிறது. இடது கை கழுத்தில் ஒரு கார்ட் வடிவத்தைச் சுற்றியே நிற்கும். வரி அந்த வடிவத்தின் சுரங்களைத் தொட்டுத் தொட்டு, இடையில் அரைச் சுரங்களை வைத்து ஒட்டிக்கொண்டு போகும்.

ஒரு உதாரணம். ‘ரோஸ் ரூம்’ ஏ ஃபிளாட் சுருதியில். ஆனால் பாட்டு வீட்டிலிருந்து தொடங்காமல் பி ஃபிளாட் 7, இ ஃபிளாட் 7 என்று சுற்றிவிட்டுத்தான் ஏ ஃபிளாட்டுக்கு வந்து சேரும். இ ஃபிளாட் 7 வரும்போது அவருக்குப் பிடித்த வழி, அதன் மீது பி ஃபிளாட் மைனர் 6 வடிவத்தை வாசிப்பது. அதன் சுரங்கள் பி ஃபிளாட், டி ஃபிளாட், எஃப், ஜி. இ ஃபிளாட்டிலிருந்து எண்ணினால் இவை ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது, மூன்றாவது. மூலச் சுரமான இ ஃபிளாட்டே இல்லை! அதை பாஸ் வாசிக்கிறவர் பார்த்துக்கொள்கிறார். கிட்டார் மேல்மாடியில் உலாவுகிறது. இதைக் கையில் பார்க்க: நான்காம் தந்தி ஐந்தாம் ஃப்ரெட், மூன்றாம் தந்தியில் மூன்று, ஆறு, இரண்டாம் தந்தியில் ஆறு, திரும்ப மூன்றாம் தந்தி ஆறு, கடைசியாக அதே தந்தியில் ஐந்து. அந்தக் கடைசிச் சுரம் சி, ஏ ஃபிளாட் கார்டின் மூன்றாவது. வீடு வந்தாயிற்று. இது அவர் வாசித்த வரி இல்லை, வழியைக் காட்ட நான் போட்டது; ஆனால் இந்த வாசனை அவரிடம் நிறைய வரும்.

நடுவில ஒரு மாதிரி ‘வழுக்குற’ சத்தம் வருதே, அது என்ன?

பெரும்பாலும் டிமினிஷ்ட் வடிவம். அதே இ ஃபிளாட் 7 மீது, அரைச் சுரம் மேலே இ டிமினிஷ்ட் வாசித்தால் இ, ஜி, பி ஃபிளாட், டி ஃபிளாட் கிடைக்கும். முந்தைய பதிலில் வந்த மூன்று சுரங்கள் இதிலும் இருக்கின்றன, எஃப் மட்டும் இ ஆகிவிட்டது. அந்த ஒரு சுரம்தான் வழுக்குகிறது. இந்த வடிவம் மூன்று ஃப்ரெட்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்ப வரும் என்பதால் கைக்கும் சுலபம். சுலபமாக இருப்பதாலேயே சிலர் இதைப் பார்க்கும் இடமெல்லாம் போடுகிறார்கள். அவர் சிக்கனமாகத்தான் பயன்படுத்துவார்.

எனக்குக் கர்நாடக சங்கீதம் ஓரளவு தெரியும். இது கல்பனாஸ்வரம் மாதிரிதானே?

உதவும். தாளத்தை உள்ளே ஓடவிட்டுக்கொண்டு மேலே கற்பனை செய்கிற பழக்கமும், வாசிப்பதைப் பாடத் தெரிந்திருப்பதும் பாதி வேலையை முடித்துவிடும். முப்பத்திரண்டு பார் சுற்று எங்கே இருக்கிறது என்று தொலையாமல் இருப்பதற்கும் தாளம் போட்டுப் பழகின கை நல்லது.

இடிக்கிற இடம் ஒன்று உண்டு. ராகத்தில் ஷட்ஜம் அசையாது. இங்கே அடியில் கார்ட் மாறும்போது அதே சுரத்தின் மதிப்பும் மாறும். ‘ரோஸ் ரூம்’ தொடக்கத்தில் எஃப் என்ற ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பி ஃபிளாட்டை ‘ச’ என்று வைத்தால் அது ‘ப’. கார்ட் இ ஃபிளாட்டுக்கு நகர்ந்ததும் அதுவே ‘ரி’. ஏ ஃபிளாட் வந்ததும் ‘த’. நீங்கள் அசையவில்லை, தரை நகர்ந்துவிட்டது. இதைக் காதால் உணர, யாரையாவது கார்ட் போடச் சொல்லி அந்த ஒற்றைச் சுரத்தை மட்டும் பாடிப் பாருங்கள். அப்புறம், கமகத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கிறிஸ்டியன் அங்கங்கே லேசாகச் சறுக்குவார், ப்ளூஸில் கொஞ்சம் வளைப்பார், அவ்வளவுதான்.

இன்னொருத்தர் சோலோவை மனப்பாடம் பண்ணினா நான் வெறும் காப்பியாயிட மாட்டேனா?

வெஸ் மாண்ட்காமரியைக் கேளுங்கள். இண்டியானாபொலிஸில், இருபது வயதையொட்டி, ‘சோலோ ஃபிளைட்’ கேட்டுவிட்டுத்தான் எலக்ட்ரிக் கிட்டாரும் ஆம்பும் வாங்கினார். ஆசிரியரும் இல்லை, இசைக்குறிப்பு படிக்கவும் தெரியாது. கிறிஸ்டியனின் சோலோக்களை ரெக்கார்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளூர் கிளப் ஒன்றில் அந்த சோலோக்களை வாசிக்கவே அவருக்கு வேலை கிடைத்தது. அவை முடிந்தால் வாசிக்க வேறொன்றும் கைவசம் இல்லை. அதே மனிதர்தான் பிறகு கட்டைவிரலால் மீட்டி, ஆக்டேவ்களை அடுக்கி, யாரோடும் குழப்ப முடியாத ஒரு குரலை உருவாக்கினார். காப்பியடித்ததால் அவர் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

பத்து சோலோவிலிருந்து பத்து ‘லிக்’ (சின்னச் சின்னத் துண்டு வரி) பொறுக்குவதுதான் ஆபத்து. ஒரு சோலோவை முழுசாக எடுத்தால் ஒரு வாக்கியம் அடுத்ததை எப்படி வரவழைக்கிறது என்று தெரியும். பொறுக்கினால் துண்டுகள்தான் மிஞ்சும், அவை எங்கே போட்டாலும் ஒட்டுப்போட்டதாகவே கேட்கும்.

ரெக்கார்டோட சேர்ந்து வாசிச்சா சுருதி சேர மாட்டேங்குது. என் கிட்டார் டியூனர்ல சரியாத்தான் காட்டுது.

டியூனர் மேலும் தப்பில்லை, உங்கள் மேலும் இல்லை. பழைய தட்டுகள் வெட்டப்பட்ட வேகமும், பிறகு அவற்றிலிருந்து மாற்றிப் பதிவு செய்தபோது ஓடிய வேகமும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. வேகம் சற்று மாறினால் சுருதியும் மாறும். ஒரே பதிவு இரண்டு தொகுப்புகளில் இரண்டு சுருதியில் ஒலிப்பதும் உண்டு. பாட்டுக்கு ஏற்ப உங்கள் கிட்டாரைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள், அல்லது செயலியில் பாட்டின் சுருதியை நகர்த்துங்கள்.

அரைச் சுரம் வரை தள்ளிப்போயிருந்தால், எது நிஜமான சுருதி என்ற சந்தேகம் வரும். ஊதுகிற வாத்தியங்கள் இருக்கிற குழு என்பதால் ஏ ஃபிளாட், பி ஃபிளாட், எஃப் மாதிரியான சுருதிகளே அதிகம். ஒரு பாட்டு ஏ-வுக்கும் ஏ ஃபிளாட்டுக்கும் நடுவில் தொங்கினால் ஏ ஃபிளாட் என்றே நம்பலாம்.

ஒரே பாட்டுக்கு ரெண்டு மூணு விதமா சோலோ இருக்கே, எது ‘ஒரிஜினல்’?

எல்லாமே. ஸ்டூடியோவில் ஒரே நாளில் ஒரு பாட்டை இரண்டு மூன்று முறை வாசிப்பார்கள். ஒவ்வொரு டேக்கிலும் கிறிஸ்டியன் வேறு சோலோ வாசிப்பார். வானொலி ஒலிபரப்புகளிலிருந்து மிஞ்சியவை வேறு இருக்கின்றன. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பதுதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. எந்த வாக்கியம் அவர் கைவசம் எப்போதும் இருந்தது, எது அந்த நிமிடத்தில் முளைத்தது என்று அப்படியே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: ‘பிரேக்ஃபாஸ்ட் ஃபியூட்’ என்ற ப்ளூஸ். பின்னால் எல்.பி.யாக வந்தபோது பல டேக்குகளிலிருந்து அவரது சோலோக்களை வெட்டி ஒட்டி, ஒரே நீள சோலோ மாதிரி ஆக்கிவிட்டார்கள். கேட்க ஜோராக இருக்கும். ஆனால் அந்த ‘கட்டமைப்பை’ ஆராய்ந்து மெச்சாதீர்கள், அது கத்தரிக்கோல் பிடித்தவர் செய்த வேலை. தனித்தனி டேக்காகக் கிடைப்பதைத்தான் கற்க எடுக்க வேண்டும்.

அதே காலத்து இன்னொரு பொக்கிஷம் ‘வெயிட்டிங் ஃபார் பென்னி’. 1941 மார்ச் 13 அன்று குட்மன் வருவதற்குள் குழுவினர் சும்மா வாசித்துக்கொண்டிருந்ததைப் பொறியாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். முதலாளி இல்லாத நேரத்தில் ஆபீஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சுரமெல்லாம் சரியா வாசிக்கறேன், ஆனா ஸ்விங் வரல.

அநேகமாக ஸ்விங்கை மிகையாக்குகிறீர்கள். நீளம்-குட்டை, நீளம்-குட்டை என்று குதிரை ஓட்டம் மாதிரி வாசிக்கச் சொல்லிப் புத்தகங்கள் கற்றுத்தருகின்றன. கிறிஸ்டியனின் எட்டாம் சுரங்கள் அதைவிட எவ்வளவோ சமமானவை. வேகம் கூடக்கூட இன்னும் சமமாகும். துள்ளல் வருவது அழுத்தத்திலிருந்து. வரியின் உச்சிச் சுரம் எதுவோ அதை அழுத்துவார், அது அடியில் விழுந்தாலும் சரி, அடிக்கு வெளியே விழுந்தாலும் சரி. ‘கிராண்ட் ஸ்லாம்’ வரிகளை உதட்டால் பாடி, எந்த இடத்தில் குரல் தானாக உயர்கிறது என்று குறித்துக்கொண்டு, அங்கே மட்டும் பிக்கை அழுத்துங்கள். மெட்ரோனோமை இரண்டு, நான்காம் அடிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வதும் உதவும்.

பெபாப்பைக் கண்டுபிடிச்சவர் இவர்தான்னு ஒருத்தர் சொன்னார். நிஜமா?

ஒருவர் கண்டுபிடித்த விஷயம் இல்லை அது. நியூயார்க் ஹார்லெமில் 118-ஆம் தெருவில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற கிளப். குட்மன் வேலை முடிந்ததும் கிறிஸ்டியன் அங்கே போய் விடியும்வரை வாசிப்பார். டிரம்ஸில் கென்னி கிளார்க், பியானோவில் தெலோனியஸ் மங்க், வந்துபோகிறவர்களில் டிஸ்ஸி கில்லெஸ்பி. பிறகு பெபாப் என்று பெயர் பெற்ற புதுவகை ஜாஸ் உருவான இடங்களில் அது ஒன்று, அங்கே கிறிஸ்டியன் முன்வரிசையில் இருந்தார். அவ்வளவு சொல்லலாம்.

1941 மே மாதம் ஜெர்ரி நியூமன் என்ற மாணவர் தட்டில் பதிவு செய்யும் தன் கருவியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். மேலே சொன்ன கரகரப்புக்கு அதுதான் காரணம். அதுதான் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டமும்: மூன்று நிமிடக் கட்டுப்பாடு இல்லாத கிறிஸ்டியன் சுற்றுக்குமேல் சுற்றாகப் போகிறார்.

அந்த ‘ஸ்விங் டு பாப்’ சோலோவைத்தான் கத்துக்கணும்னு ஆசை. எப்போ எடுக்கலாம்?

மின்டன்ஸில் பதிவானதுதான் அது. பாட்டு உண்மையில் ‘டாப்சி’. ‘ஸ்விங் டு பாப்’ என்ற பெயர் பின்னால் வைத்தது. பதிவு தொடங்கும்போதே கிறிஸ்டியன் நடுவழியில் இருப்பார். முழுசாக எடுக்க வேண்டுமானால் மூன்று நான்கு செக்ஸ்டெட் சோலோக்களாவது ரெக்கார்டோடு மறைந்துபோகிற அளவுக்குக் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் நீளமே உங்களைத் தின்றுவிடும்.

ஆனால் ஒரு பங்கை இப்போதே எடுக்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் பிரிட்ஜ் மட்டும், எட்டு எட்டு பாராக. ‘எதைக் கவனிக்கணும்’ என்ற கேள்வியில் சொன்ன நீள வரிகள் இங்கேதான் உச்சத்தில் இருக்கின்றன. ஒரே கார்ட்களைச் சுற்றுக்குச் சுற்று வேறு வேறு விதமாகக் கடக்கிறார். முதல் பிரிட்ஜை வாயால் பாடி, கையில் எடுத்து, பிறகு இரண்டாவது. மூன்றாவதை எடுக்கும் முன் பாட்டை நிறுத்திவிட்டு, அந்த எட்டு பாரை நீங்களே ஒருமுறை வாசித்துப் பதிவு செய்யுங்கள். அப்புறம் அவர் என்ன செய்தார் என்று போட்டுக் கேளுங்கள்.